குட்டிப் பெட்டியில் பழைய மேரியோ: காசு கொடுக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். எந்த ஆன்ட்டி வைரஸ் போடுவது, தமிழில் எப்படி டைப் செய்வது, எந்த பிரிண்டர் வாங்குவது என்று கேட்பார்கள். கொஞ்ச நாளாக இந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஏனுங்க, சின்ன வயசுல டிவியில மாட்டி ஆடுனமே, அந்த மேரியோ கேம் இப்ப உள்ளங்கை சைஸ்ல வருதாமே. பசங்களுக்கு வாங்கிக் குடுக்கலாங்களா?"

நான் இருப்பது திருப்பூரின் வடபுறம் உள்ள நெருப்பெரிச்சலில். இங்கே பல வீடுகளில் பனியன் கம்பெனி வாரச் சம்பளம்தான் வருமானம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சனிக்கிழமை வாங்கி வரும் பணத்தில் வாடகை, மளிகை, சீட்டுப் பணம் போக மிச்சமாவதை வைத்துத்தான் இப்படிப்பட்ட ஆசைகளை நிறைவேற்ற வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் மினி கேம் பெட்டி தேவையில்லை. அந்தப் பெட்டியின் உள்ளே இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதைவிடப் பெரிய கம்ப்யூட்டரை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அந்தப் பழைய பெட்டி எது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் "ஃபேமிகாம்" என்ற வீடியோ கேம் மெஷினை வெளியிட்டது. 1985ல் அதே மெஷின் உருவம் மாறி "நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்", சுருக்கமாக "என்இஎஸ்" என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. உலகம் முழுவதும் சுமார் 6 கோடியே 19 லட்சம் மெஷின்கள் விற்றன.

இந்தியாவில் இதைச் சாமுராய் என்ற நிறுவனம் விற்றது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆடியது அந்த அசல் மெஷினை அல்ல. தைவானிலும் சீனாவிலும் அதே சர்க்யூட்டைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளைத்தான். "டிவி கேம்" என்று கேட்டாலே கடைக்காரர் எடுத்து நீட்டுவார். மேலே சொருகும் கேட்ரிட்ஜை நாம் "கேசட்" என்றோம். அசல் மெஷின்கள் அன்றைக்கு என்ன விலை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் மெஷினை 1995ல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை 18,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு அன்று எத்தனை மாதம் தையல் மெஷினில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நகல் பெட்டி நம் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

மினி எப்படி வந்தது?

2016 நவம்பரில் நின்டெண்டோ தன் பழைய மெஷினைக் கையடக்கமாகச் சுருக்கி "என்இஎஸ் கிளாசிக் எடிஷன்" என்ற பெயரில் மறுபடியும் வெளியிட்டது. விலை 60 டாலர். கேட்ரிட்ஜ் சொருகும் இடம் வெறும் அலங்காரம்தான். 30 கேம்கள் உள்ளேயே பதியப்பட்டிருந்தன. கடைக்கு வந்ததும் விற்றுத் தீர்ந்தது. 2017 ஏப்ரலில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது 23 லட்சம் பெட்டிகள் விற்றிருந்தன. மக்கள் விடவில்லை. 2018 ஜூனில் மறுபடியும் கடைகளுக்கு வந்தது.

இதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2017ல் நின்டெண்டோவே தன் அடுத்த மெஷினான சூப்பர் என்இஎஸ்ஸைச் சுருக்கியது. 2018 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக் வந்தது. 2019 செப்டம்பரில் செகா தன் மெகா டிரைவ் மினியை 42 கேம்களுடன் கொண்டுவந்தது.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்?

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1983ல் செய்த சிப்களைச் சுருக்கித்தான் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. என்இஎஸ் கிளாசிக்கின் உள்ளே இருப்பது மொபைல், டேப்லட் வகையில் பயன்படும் நான்கு கோர் பிராசசர், 256 எம்பி ராம், 512 எம்பி சேமிப்பு இடம். ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ். சுருக்கமாகச் சொன்னால், கீபோர்டும் மவுசும் இல்லாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்.

அப்படியானால் பழைய கேம் அதில் எப்படி ஓடுகிறது? "எமுலேட்டர்" என்ற சாப்ட்வேர் வழியாகத்தான். நம் ஊர்க் கதையில் சொல்கிறேன். வெளிநாட்டு பையர் இங்கிலீஷில் அளவுச் சீட்டு அனுப்புகிறார். அது டெய்லருக்குப் புரியாது. நடுவில் மெர்ச்சன்டைசர் உட்கார்ந்து, பையர் கேட்டதை டெய்லருக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எமுலேட்டர் செய்வதும் இதே வேலைதான். பழைய கேம், பழைய சிப்புக்குத் தெரிந்த கட்டளைகளில் எழுதப்பட்டது. புதிய பிராசசருக்கு அந்தக் கட்டளைகள் தெரியாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கி, புதிய பிராசசருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. கேமுக்குத் தான் 1985ல் இருக்கிறோம் என்றே நினைப்பு.

இதற்குப் பெரிய பலம் தேவையா என்றால், இல்லை. பழைய என்இஎஸ் மெஷினின் வேலை மெமரி வெறும் 2 கேபி. மினியின் ராம் அதைப்போல 1,31,072 மடங்கு. முதல் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் 40 கேபிக்குள் அடங்கியது. உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு 3 எம்பி போட்டோ பிடிக்கும் இடத்தில் இப்படி 75 மேரியோவைப் போட்டு வைக்கலாம். இந்த மெஷினுக்கான எமுலேட்டர்கள் 1997லேயே அன்றைய பென்டியம் கம்ப்யூட்டர்களில் ஓடின.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் அது மினியின் ராமைப்போல 16 மடங்கு. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கி வந்த பழைய லேப்டாப் அலமாரியில் கிடந்தால், அதுவும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

நாம் ஆடிய கேம் அதில் இருக்கிறதா?

"மெஷின் எப்படியோ இருக்கட்டும், அந்தப் பழைய கேம்கள் வேண்டுமே" என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் என்இஎஸ் கிளாசிக்கின் 30 கேம்களில் நமக்குப் பழக்கமானவை எத்தனை என்று பாருங்கள். மேரியோ இருக்கிறது. டாங்கி காங், பேக்மேன், கலாகா, எக்சைட்பைக் இருக்கின்றன. நம் ஊரில் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடிய கான்ட்ரா இல்லை. அதன் இரண்டாம் பாகமான "சூப்பர் சி" மட்டும் உண்டு. கார் ஓட்டும் ரோட் ஃபைட்டர் இல்லை. சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையம் தாண்டும் சர்க்கஸ் சார்லி இல்லை. செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு போகும் டேங்க் கேமும் இல்லை. அந்த டேங்க் கேமின் அசல் பெயர் பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1985ல் ஜப்பானுக்காக வெளியிட்டது. நகல் கேசட் வழியாகத்தான் நம்மிடம் வந்தது.

துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட்டும் கிடையாது. இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வாயில் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கண் இருக்கிறது. குதிரையை அழுத்தியதும் டிவி திரை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மாறும். துப்பாக்கி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டிவி படம் காட்டும் வேகத்துக்கும் முறைக்கும் ஏற்ப இது செய்யப்பட்டது. இன்றைய எல்இடி டிவி படத்தைக் காட்டும் முறையே வேறு. கொஞ்சம் தாமதமும் ஆகும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். ஆகவே பழைய துப்பாக்கி புதிய டிவியில் குருடுதான்.

மினியில் பாதிச் சிறுவயதுகூட இல்லை என்பதே என் கட்சி. அது அமெரிக்கப் பிள்ளைகளின் சிறுவயது. நாம் ஆடியது வேறு பட்டியல். அந்தப் பட்டியலை எந்த நிறுவனமும் இன்றுவரை பெட்டி போட்டு விற்கவில்லை.

லேபிளும் துணியும்

ஆன்லைன் கடையில் தேடினால் இதே உருவத்தில் "620 கேம்கள்" என்று போட்ட பெட்டிகள் மலிவு விலையில் கண்ணில் படும். டிவியின் பின்னால் சொருகும் "10,000 கேம்" ஸ்டிக்குகளும் உண்டு. நின்டெண்டோ மினியில் 30, இதில் 620 என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

ஒரு பனியனைக் கையில் கொடுத்தால் லேபிளைப் பார்ப்பதற்கு முன் துணியைத் தடவிப் பார்க்கிறவர்கள் நாம். ஜிஎஸ்எம் எவ்வளவு, தையல் எப்படி, ஒரு வாஷுக்குப் பின் சுருங்குமா என்று விரலே சொல்லிவிடும். கேம் பெட்டியையும் அப்படித் தடவிப் பார்க்க வேண்டும்.

620 என்ற எண்ணை நம்ப வேண்டாம். பழைய "9999 இன் 1" கேசட் நினைவிருக்கும். முதல் பக்கத்தில் இருந்த சில கேம்கள்தான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். மலிவுப் பெட்டியிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. பல 620 பெட்டிகளில் எச்டிஎம்ஐ இருக்காது. மஞ்சள் பின் உள்ள ஏவி ஒயர்தான் வரும். பெரிய எல்இடி டிவியில் மாட்டினால் படம் மங்கலாகத் தெரியும். பட்டன் தளர்ந்தால் மாற்ற ஸ்பேர் கிடைப்பது அரிது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தக் கேம்களைச் செய்தவர்களுக்கு இந்தப் பெட்டியிலிருந்து ஒரு பைசா போவதில்லை. மெஷினைப் பார்த்து மெஷின் செய்வது இப்போது குற்றமில்லை, ஏனென்றால் பேட்டன்டின் ஆயுள் 20 ஆண்டுகள்தான். 1983 மெஷினின் பேட்டன்ட் எப்போதோ முடிந்துவிட்டது. கேம் அப்படியல்ல. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கதை, கவிதைபோல ஓர் இலக்கியப் படைப்பாகவே நடத்துகிறது. பழசாகிவிட்டது என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் என்று ஆகிவிடாது. முறையாக வாங்கியவர் தன் பாதுகாப்புக்கு ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

நம் ஊர்க் கம்பெனி டிசைனை இன்னொருவர் அப்படியே அடித்து, அதே லேபிளை ஒட்டிப் பாதி விலைக்கு விற்றால் நாம் சும்மா இருப்போமா? போலீஸில் புகார் கொடுப்போம். நமக்கு ஒரு நியாயம், கேம் எழுதியவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது.

அந்தக் காலத்து நகல் பெட்டி தப்பில்லையா என்று கேட்பீர்கள். அன்று 18,000 ரூபாய் மெஷினுக்கும் நகலுக்கும் நடுவில் நமக்கு வேறு வழி இருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்று நகரும் என்பதை எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு முதலில் காட்டியது அந்த நகல்தான். அதை நான் மறுக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. அதனால்தான் இன்று வாங்கும் நகலுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஒரிஜினல் லேபிள் என்றால் எல்லாம் சரியா?

அதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் கிளாசிக்கைப் பாருங்கள். 100 டாலர் விலையில் 20 கேம்களோடு வந்தது. அதன் உள்ளே சோனி சொந்தமாக எழுதிய எமுலேட்டர் இல்லை. இண்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டரையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் 20ல் 9 கேம்கள் ஐரோப்பாவின் பழைய டிவிக்கான மெதுவான பதிப்புகள். வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். சில வாரங்களிலேயே விலை 60 டாலருக்கு இறங்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. செகாவின் மினியை, பழைய கேம்களைப் புதிய மெஷினுக்குக் கொண்டுவருவதில் பெயர்பெற்ற எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் அக்கறையோடு செய்தது. சூப்பர் என்இஎஸ் மினியில் "ஸ்டார் ஃபாக்ஸ் 2" என்ற கேம் இருந்தது. 1990களின் நடுவில் எழுதி முடித்தும் வெளியிடாமல் வைத்திருந்த கேம் அது. 2017ல்தான் முதல்முறையாக மக்கள் கைக்கு வந்தது. இப்படி எதையாவது காப்பாற்றிக் கொடுக்கும் மினிக்கு நான் மரியாதை கொடுப்பேன். இந்தக் கேம்கள்மேல் தனிப்பிரியம் உள்ளவர், பணமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கட்டும். பிள்ளைக்கு விளையாட ஏதாவது வேண்டும் என்று தேடும் வீட்டுக்கு அது அவசியமில்லை.

மினிக்கு நாம் கொடுக்கும் காசு மெஷினுக்கு அல்ல, கேமை ஆடும் அனுமதிக்குத்தான். அந்த அனுமதியை மட்டும் தனியாக வாங்க முடியும்போது பொம்மைப் பெட்டிக்கும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும்?

என்ன செய்யலாம்?

1. கான்ட்ரா வேண்டுமா? கோனாமி நிறுவனமே 2019ல் "கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்" என்று பழைய கான்ட்ரா கேம்களைத் தொகுத்துக் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது. நாம் ஆடியதும் அதில் உண்டு. வெளியானபோது விலை 20 டாலர். மினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்டீம் என்ற கேம் கடையில் ரூபாயிலேயே வாங்கலாம். அடிக்கடி தள்ளுபடியும் வரும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 7, 8 உள்ள கம்ப்யூட்டர்களுக்கான ஆதரவை ஸ்டீம் 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

2. மேரியோவை நின்டெண்டோ கம்ப்யூட்டருக்கு விற்பதில்லை. அதனால் "மேரியோ இலவச டவுன்லோட்" என்று வரும் வெப்சைட்டுகள் பக்கம் போகாதீர்கள். கேமோடு வைரசும் வரலாம். அதே வகையில் "சூப்பர்டக்ஸ்" என்ற ஓப்பன் சோர்ஸ் கேம் இருக்கிறது. மேரியோவுக்குப் பதில் ஒரு பென்குயின் குதித்து ஓடும். முழுக்க இலவசம், சட்டப்படியும் சுத்தம். அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

3. கீபோர்டில் ஆடப் பிடிக்கவில்லை என்றால் யுஎஸ்பி கேம்பேட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் கம்ப்யூட்டரை டிவியிலேயே மாட்டலாம். டிவி செட்டிங்கில் "கேம் மோட்" இருந்தால் ஆன் செய்யுங்கள். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் நடுவில் உள்ள தாமதம் குறையும்.

4. இவ்வளவு சொல்லியும் நின்டெண்டோ மினிதான் வேண்டும் என்றால் ஜாக்கிரதை. 2018 கடைசியோடு அமெரிக்காவில் அதன் வரத்தை நிறுத்தப்போவதாக நின்டெண்டோவே சொல்லிவிட்டது. இன்று "புத்தம் புதியது" என்று விற்பது பழைய இருப்பாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். ஏவி ஒயரோடு வந்தால் கண்டிப்பாகப் போலி. அசலில் இருப்பது எச்டிஎம்ஐ.

கடைசியாக ஒன்று

மினியில் விளையாட மட்டுமே முடியும். கம்ப்யூட்டரில் கேமைச் செய்யவும் முடியும். அதுதான் பெரிய வித்தியாசம். சூப்பர்டக்ஸிலேயே சொந்தமாக லெவல் அமைக்கும் வசதி இருக்கிறது. பள்ளம் எங்கே, பாலம் எங்கே, எதிரி எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் பிள்ளையே முடிவு செய்யலாம். அதில் கை பழகியதும் ஸ்க்ராட்ச் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007ல் பிள்ளைகளுக்காகவே வெளியிட்ட இலவசச் சாப்ட்வேர். வண்ணக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு வரிகூட டைப் செய்யாமல் சொந்தக் கேம் எழுதலாம். 40 கேபிக்குள் ஒரு உலகத்தையே அடக்கியவர்களும் எங்கோ ஒரு இடத்தில் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவுதானே? சூப்பர்டக்ஸை இறக்கிப் பிள்ளையோடு உட்காருங்கள். முதல் லெவலை நீங்கள் ஆடிக் காட்டுங்கள். இரண்டாவது லெவலை அவனோ அவளோ செய்து உங்களை ஆட வைக்கட்டும். அந்தப் பள்ளத்தில் நீங்கள் எத்தனை முறை விழுகிறீர்கள் பார்ப்போம்!